வண்ணப்பூச்சும் குறிபார்த்தலும்: அட்மிரல் பெர்சி ஸ்காட்டின் கடற்படை வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு போர்க்கப்பல் நல்ல கப்பலா இல்லையா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்று கேட்டால், பீரங்கி என்ற பதில் வருவது இயல்பு. உண்மை அப்படி இருக்கவில்லை. நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்த பிறகு அந்தக் கடற்படைக்குச் சமபலமுள்ள எதிரியோடு பெருங்கடற்போர் வாய்க்கவே இல்லை. சண்டையில் சோதிக்கப்படாத ஒரு படை, கண்ணுக்குத் தெரிகிற வேறு எதையாவது வைத்துத்தான் தன்னைத்தானே எடைபோட முடியும். பாய்மரங்களை எத்தனை நிமிடத்தில் ஏற்றி இறக்குகிறார்கள், மேல்தளம் எவ்வளவு வெண்மையாக இருக்கிறது, பித்தளை எப்படி மின்னுகிறது, பக்கவாட்டில் பூசிய வண்ணம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பவையே அளவுகோல்கள் ஆயின. கமாண்டர் பதவியிலிருந்து கேப்டன் பதவிக்கு உயர்வது மேலிடத்தின் தேர்வைப் பொறுத்தது. கேப்டன் ஆகிவிட்டால் அட்மிரல் பட்டியலை நோக்கி நகர்வது மூப்பின்படி தானே நடக்கும். ஆகவே அந்த ஒரு படியில்தான் ஓர் அதிகாரியின் எதிர்காலம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. கமாண்டர்கள் தங்கள் சம்பளத்தில் பாதியைக்கூடச் செலவிட்டு வண்ணம் வாங்கிக் கப்பலை அலங்கரித்தது இதனால்தான். பீரங்கிப் பயிற்சியோ வெடிமருந்துப் புகையைக் கிளப்பி அந்த வண்ணத்தைக் கறுக்கச் செய்தது. அதை விரைவில் முடித்துவிடுவதே கெட்டிக்காரத்தனம் என்று கருதப்பட்டது.

இந்த மனப்பான்மையை உள்ளிருந்தே உடைத்தவர்களில் முதன்மையானவர் சர் பெர்சி ஸ்காட். 1853ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனில் பிறந்தவர். அந்நாளைய வழக்கப்படி பதின்மூன்று வயதில், 1866இல், பயிற்சி மாணவராகக் கடற்படையில் சேர்ந்தார். அவருடைய பெயரைப் பொதுவாக மூன்று விஷயங்களுக்காக நினைவுகூர்வார்கள்: கப்பல் பீரங்கிகளைக் குறிபார்க்கும் முறையை மாற்றியது, தன் தலைமை அட்மிரலோடு ஒரு வண்ணப்பூச்சு விவகாரத்தில் மோதியது, முதல் உலகப் போருக்குச் சில வாரங்கள் முன்பு போர்க்கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதியது. இவற்றைத் தனித்தனிக் கதைகளாகச் சொல்வதே வழக்கமாக இருந்தாலும், மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிப் பார்க்க முடியாத எதையும் அவர் நம்பவில்லை.

அவர் தொடக்கத்திலிருந்தே கலகக்காரராக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. 1878இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இருந்த ‘எக்ஸலன்ட்’ என்னும் பீரங்கிப் பள்ளியில் சிறப்புப் பயிற்சி பெற்றார். அந்தப் பள்ளி அப்போது பழைய மரக்கப்பல் ஒன்றில் இயங்கிவந்தது. அதைக் கரைக்கு, வேல் தீவு என்னும் சேற்றுத் திட்டுக்கு மாற்றுவதற்கான திட்டத்தை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். 1882இல் எகிப்தின் அலெக்சாண்டிரியா கோட்டைகளின் மீது பிரிட்டிஷ் கவசக் கப்பல்கள் ஏறத்தாழ 3,000 குண்டுகளைச் சுட்டபோது, கோட்டையிலிருந்த பீரங்கிகளில் சேதமானவை மிகச் சிலவே. வெற்றி கிடைத்துவிட்டதால் இந்தக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் போரில் ‘இன்கான்ஸ்டன்ட்’ கப்பலோடு பணியாற்றிய ஸ்காட்டின் மனத்தில் மட்டும் அது தங்கிவிட்டது.

ஆயினும் 1886இல் கமாண்டராகி மத்தியதரைக்கடற் படையின் ‘எடின்பரோ’ கப்பலுக்குச் சென்றபோது, பீரங்கிப் பயிற்சியில் முனைப்புக் காட்டிய அவருக்கு அதனால் பதவி உயர்வு கிட்டாது என்பது விரைவில் புரிந்தது. பின்னாளில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்: பயிற்சியை ஒதுக்கிவிட்டு, சொந்தப் பணத்தில் எனாமல் வண்ணம் வாங்கி, இரும்பையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்தளத்து மரையாணிகளுக்குப் பொன் முலாம் பூசி, வெடிமருந்து அறைச் சாவிகளுக்கும் முலாம் ஏற்றி, கைத்துப்பாக்கி அடுக்குகளின் மேல் மெர்க்குரி தேவனின் சிலைகளைக்கூட நிறுத்தியதாக. கப்பலுக்கு நல்ல பெயர் கிடைத்தது. 1893இல் அவர் கேப்டனும் ஆனார். சில கப்பல்களில் நீர்புகாக் கதவுகளைக் கழற்றி அழகுக்காகத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அவை நீரைத் தடுக்கும் தன்மையையே இழந்துவிட்டன என்பதும் அவர் தரும் செய்திதான். இதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது, ஏனென்றால் அந்த ஆட்டத்தை ஆடி வென்றவர் அவர்.

1896இல் ‘ஸ்கில்லா’ என்னும் நடுத்தரக் குரூசர் (பெரும்போர்க்கப்பலைவிடச் சிறிய, விரைவான போர்க்கப்பல்) அவர் பொறுப்பில் வந்தது. கேப்டனான பிறகு யாருக்கும் அழகு காட்டத் தேவையில்லை. இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, அலையில் ஆடும் கப்பலிலிருந்து எப்படிச் சுடுவார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கடலில் கப்பல் ஒருபோதும் நிலையாக நிற்பதில்லை. அது ஒரு பக்கம் சாயும்போது பீரங்கியின் வாய் வானத்தைப் பார்க்கும். மறுபக்கம் சாயும்போது தண்ணீரைப் பார்க்கும். நெல்சன் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்னவென்றால், பீரங்கியை ஒரு நிலையில் வைத்துவிட்டு, கப்பலின் ஆட்டம் குறியை இலக்கின் மேல் கொண்டுவந்து சேர்க்கும் கணத்துக்காகக் காத்திருந்து சுடுவது. கண் பார்த்து, மனம் முடிவெடுத்து, விரல் அழுத்தி, மருந்து பற்றி, குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்குள் நொடியின் ஒரு பகுதி கழிந்துவிடும். அதற்குள் கப்பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அதைக் கணக்கிட்டுச் சரிசெய்யவும் முடியாது. மேலும், ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு என்பதால் சுடும் வேகமும் அலையின் கையில் இருந்தது.

1898ஆம் ஆண்டுப் பயிற்சியின்போது தன் பீரங்கியாளர்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்காட், அவர்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டுச் சுடுவதைக் கண்டார். அந்த மாலுமி, தான் செய்வது புதுமை என்ற எண்ணமே இல்லாமல், கப்பல் ஆட ஆடப் பீரங்கியின் ஏற்ற இறக்கச் சக்கரத்தை விடாமல் சுழற்றி, குறியை இலக்கின் மீதே நிறுத்திவைக்க முயன்றுகொண்டிருந்தார். நல்ல பீரங்கியாளன் பிறவியிலேயே அமைகிறான் என்று சொல்லி நகர்ந்துவிடுவது அன்றைய வழக்கம். ஒருவர் செய்ததை ஏன் எல்லோரும் செய்ய முடியாது என்று ஸ்காட் கேட்டார். விடை கருவியில் இருந்தது. சக்கரத்தின் பற்கள் அமைந்த விகிதம் வேகமாகச் சுழற்ற இடம் தரவில்லை. அவர் விகிதத்தை மாற்றினார். குறிபார்க்கும் தொலைநோக்கி பீரங்கியோடு சேர்ந்தே பின்னுக்கு உதைத்ததால், சுடும் நேரத்தில் கண்ணை அதிலிருந்து எடுத்தாக வேண்டியிருந்தது. உதைப்பில் அசையாத பகுதியில் அதைப் பொருத்தினார். அடுத்து வந்தது ‘டாட்டர்’ என்று பெயர்பெற்ற பயிற்சிக் கருவி. பீரங்கிக்கு எதிரே ஒரு சிறு அட்டையில் வரைந்த இலக்கு மேலும் கீழும் நகரும். பீரங்கியாளர் சக்கரத்தைச் சுழற்றி அதைப் பின்தொடர்ந்து விசையை அழுத்தினால், குண்டுக்குப் பதிலாக ஒரு பென்சில் அட்டையில் புள்ளி வைக்கும். துறைமுகத்தில் நின்றபடியே, ஒரு குண்டும் செலவில்லாமல், நாள்தோறும் நூறு முறை சுடலாம். ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்க்கலாம். குண்டு நிரப்புபவர்களுக்கும் தனியாக ஒரு பயிற்சிப் பொறி செய்யப்பட்டது.

1899இல் நடந்த பரிசுப் போட்டியில் ‘ஸ்கில்லா’ 70 குண்டுகள் சுட்டு 56 முறை இலக்கைத் தொட்டது, நூற்றுக்கு 80. அக்காலத்தில் மூன்றில் ஒன்று பட்டாலே போதும் என்று நினைத்த கடற்படை அது. பாராட்டைவிடச் சந்தேகமே முதலில் எழுந்தது.

அதே ஆண்டு ‘டெரிபிள்’ என்னும் பெரிய குரூசரின் கேப்டனாகச் சீனக் கடலுக்குப் புறப்பட்டார். வழி தென்னாப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றதால், அக்டோபர் நடுவில், அங்கே டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போயர் போர் மூண்ட சில நாள்களில், அவர் கேப் முனையில் இருந்தார். போயர்களிடம் இருந்த பிரெஞ்சுத் தயாரிப்பான நெடுந்தூரப் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்கக்கூடியவை பிரிட்டிஷ் தரைப்படையிடம் இல்லை. கப்பல்களில் இருந்தன, ஆனால் அவற்றைத் தரையில் இழுத்துச் செல்ல வண்டிகள் இல்லை. ஸ்காட் 12 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பீரங்கிகளுக்கும் 4.7 அங்குலப் பீரங்கிகளுக்கும் மரச்சட்டங்களாலும் கையில் கிடைத்த சக்கரங்களாலும் ஆன தாங்கிகளைச் சில நாள்களுக்குள் வடிவமைத்துத் துறைமுகப் பட்டறையில் செய்வித்தார். ‘பவர்ஃபுல்’ கப்பல் அவற்றை டர்பனுக்கு ஏற்றிச் சென்றது. லேடிஸ்மித் நகரம் முற்றுகைக்குள் அடைபடுவதற்குச் சற்று முன், அக்டோபர் 30 அன்று, அவை அங்கே போய்ச் சேர்ந்தன. 118 நாள் முற்றுகையில் நகரம் வீழாமல் நின்றதற்கு அந்தப் பீரங்கிகளும் ஒரு காரணம். பின்னாளில் இந்தப் பெருமை யாரைச் சேரும் என்று அதிகாரிகளுக்குள் சச்சரவு எழுந்ததும் உண்டு; ஸ்காட் தன் பங்கைக் குறைத்துச் சொல்லும் இயல்புடையவர் அல்லர்.

நவம்பரில் அவர் டர்பன் நகரின் இராணுவப் பொறுப்பாளர் ஆனார். தொடர்வண்டிப் பெட்டியில் ஒரு தேடுவிளக்கை ஏற்றி, அதன் முன்னே திறந்து மூடும் தட்டிகளை அமைத்து, முற்றுகைக்குள் இருந்தவர்களோடு இரவில் ஒளிக்குறிகளால் பேச வழிசெய்தது அந்த மாதங்களில்தான். அதே ஆண்டு டிசம்பரில், அவர் தாங்கியமைத்த பீரங்கிகள் இழுத்துச் செல்லப்பட்ட அதே கொலென்சோ போர்க்களத்தில், காந்தி திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படை, காயம்பட்டவர்களைத் தோளில் தூக்கிச் சென்றது. இந்த ஊர்கள் அடங்கிய நேட்டால் பகுதியில் அப்போதிருந்த இந்திய ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு அந்தப் போர்க்களம் முற்றிலும் அந்நியமானது அன்று.

1900இல் ‘டெரிபிள்’ சீனாவை அடைந்தது. அந்நியர்களுக்கு எதிராக அங்கே எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியின்போது அதன் பீரங்கிகள் தியென்ட்சின் நகரில் பயன்பட்டன. கிளர்ச்சி தணிந்தபின் ஸ்காட் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். இம்முறை 6 அங்குலப் பீரங்கிகள். ஆனாலும் விழுக்காடு 80ஐ ஒட்டியே நின்றது. ‘ஸ்கில்லா’வின் எண் தற்செயல் என்று சொல்லிவந்தவர்களுக்கு இனி அந்த வாதம் உதவவில்லை. ஹாங்காங் பக்கம் பணியில் இருந்த வில்லியம் சிம்ஸ் என்ற இளம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்காட்டோடு நெருங்கிப் பழகி, இந்த முறையை முழுவதும் கற்றுக்கொண்டார். அவர் வாஷிங்டனுக்கு எழுதிய அறிக்கைகளைத் துறை கண்டுகொள்ளாமல் விட்டபோது, மேலதிகாரிகளைத் தாண்டிக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். ரூஸ்வெல்ட் அவரை 1902இல் அமெரிக்கக் கடற்படையின் சுடுபயிற்சி ஆய்வாளராக்கினார். பிரிட்டன் அத்தகைய ஒரு பதவியை உருவாக்கி அதில் ஸ்காட்டை அமர்த்தியது 1905இல்தான். தன் மாணவரைவிட மூன்று ஆண்டுகள் தாமதமாக ஆசிரியருக்கு அந்தப் பதவி கிடைத்ததற்கு, அமெரிக்கர்கள் அறிவாளிகள் என்பதைக் காட்டிலும், அங்கே மேலிருந்து ஒருவர் கதவைத் திறந்துவிட்டதே காரணம்.

பிரிட்டனில் அந்தக் கதவைத் திறந்தவர் ஜான் ஃபிஷர். 1904 அக்டோபரில் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த அவர், அதுவரை ‘எக்ஸலன்ட்’ பள்ளியின் தலைவராக இருந்த ஸ்காட்டை ஆய்வாளர் ஆக்கினார். பீரங்கித் துறை இயக்குநராக ஜான் ஜெல்லிக்கோவைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் விருப்பப்படி தூரத்தையும் இலக்கின் அளவையும் நேரத்தையும் வைத்துப் பயிற்சி நடத்தியதால், ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை. ஸ்காட் எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே விதிகளை வகுத்தார்; முடிவுகள் தரவரிசையாக வெளியாயின. பீரங்கியாளர் தேர்வில் தவறிய குண்டுகளைவிடப் பட்ட குண்டுகள் கூடுதலாக இருந்தது 1905இல்தான் முதல்முறை. 1907இல் அது நூற்றுக்கு ஏறத்தாழ 79 ஆயிற்று. கேப்டன்கள் வண்ணத்தை மறந்து எண்ணைத் துரத்தத் தொடங்கினார்கள். மனிதர்களை மாற்ற அறிவுரை தேவைப்படவில்லை. எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றியதே போதுமானதாயிற்று.

ஆனால் ஃபிஷரின் ஆள் என்ற முத்திரை விழுந்ததால் அதற்குரிய பகையும் சேர்ந்தே வந்தது. 1907இல் ஸ்காட் ‘குட் ஹோப்’ என்னும் கவசக் குரூசரைத் தலைமைக் கப்பலாகக் கொண்ட குரூசர் பிரிவுக்குத் தளபதியானார். அது ஆங்கிலக் கால்வாய்ப் படையின் தலைவர் லார்டு சார்லஸ் பெரஸ்ஃபோர்டின் ஆணைக்குக் கீழ்ப்பட்டது. பெரஸ்ஃபோர்ட் பிரபு குலத்தவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், மாலுமிகளிடம் செல்வாக்கு மிக்கவர்; ஃபிஷரின் பதவியைத் தானே அடைந்திருக்க வேண்டும் என்று நம்பியவர். நவம்பரில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வருகை தர இருந்ததால், கப்பல்கள் எல்லாம் பயிற்சியை நிறுத்திவிட்டு 8ஆம் தேதிக்குள் வண்ணம் பூசித் தயாராக வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். ஸ்காட்டின் பிரிவைச் சேர்ந்த ‘ராக்ஸ்பரோ’ கப்பல், தன் சுடுபயிற்சியை முடித்துவிட்டு வர அனுமதி கேட்டது. ஸ்காட் அனுப்பிய சமிக்ஞை, சுடுதலைவிட வண்ணப்பூச்சுக்கே இப்போது கிராக்கி போலிருக்கிறது, எனவே 8ஆம் தேதிக்குள் அழகுபடுத்திக்கொள்ள நேரத்தோடு உள்ளே வந்துவிடுவது நல்லது என்னும் பொருளில் அமைந்தது.

செய்தி சில நாள்கள் கழித்துப் பெரஸ்ஃபோர்டின் காதுக்கு எட்டியது. அவர் ஸ்காட்டைத் தன் தலைமைக் கப்பலின் பின்தளத்துக்கு வரவழைத்துப் பிற அட்மிரல்கள் முன்னிலையில் கடிந்துகொண்டார். கண்டனத்தைப் படை முழுவதற்கும் சமிக்ஞையாக அறிவித்தார். அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் ஸ்காட்டுக்குக் கடும் அதிருப்தியைத் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. பத்திரிகைகள் பல நாள்கள் இதையே எழுதின. ஸ்காட் செய்தது ஒழுங்கு மீறல் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஒரு படைத்தலைவரின் ஆணையை அவருக்குக் கீழுள்ள கப்பல்களின் முன்னால் கேலி செய்வதை எந்தப் படையும் பொறுக்காது. ஆனால் அந்தச் சமிக்ஞையில் கேலியைவிடப் பழைய கசப்பே மிகுதியாகத் தெரிகிறது. மரையாணிகளுக்குப் பொன் முலாம் பூசிப் பதவி பெற்ற மனிதர் அனுப்பிய சமிக்ஞை அது.

அதன் பின் இருவரும் ஒரே படையில் சேர்ந்து இயங்க முடியவில்லை. 1908 ஜூலையில் நடந்த ஒரு திருப்பத்தின்போது பெரஸ்ஃபோர்ட் தந்த சமிக்ஞை ‘குட் ஹோப்’, ‘ஆர்கைல்’ ஆகிய இரு கப்பல்களையும் ஒன்றின் மேல் ஒன்று மோதவைத்திருக்கும் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1893இல் அவ்வாறே ஒரு தவறான ஆணையால் ‘விக்டோரியா’ போர்க்கப்பல் மற்றொரு கப்பல் மோதி மூழ்கி 358 பேர் இறந்ததை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இலையுதிர்காலத்தில் ஸ்காட்டின் பிரிவு தென்னாப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் மரியாதைப் பயணமாக அனுப்பிவைக்கப்பட்டது. பார்வைக்குக் கௌரவம், உள்ளே இடமாற்றம். 1909 தொடக்கத்தில் கொடியை இறக்கிய அவருக்கு அதற்குப் பிறகு கடலில் எந்தப் பொறுப்பும் தரப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 55. அவருடைய ‘குட் ஹோப்’ 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் ஜெர்மானியரோடு நடந்த கொரொனெல் போரில், அப்போது அதில் இருந்த தளபதி அட்மிரல் கிரடாக்கோடும் 900க்கும் மேற்பட்ட மாலுமிகளோடும், ஒருவரும் பிழைக்காமல் மூழ்கியது.

வேலை இல்லாத ஆண்டுகளில்தான் அவருடைய மிகப் பெரிய வேலை நடந்தது. தனி மனிதரின் குறிபார்த்தல் எவ்வளவு செம்மைப்பட்டாலும் புதிய நிலைமைக்கு அது போதவில்லை. 1906இல் பெரிய பீரங்கிகளையே முதன்மையாகக் கொண்ட ‘டிரெட்நாட்’ என்னும் புதுவகைப் போர்க்கப்பல் வந்த பிறகு, பல பெரிய பீரங்கிகளும் ஏழெட்டாயிரம் கெஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கை ஒரே நேரத்தில் சுட வேண்டியிருந்தது. பீரங்கிக் கோபுரங்களோ தளத்தின் மட்டத்தில் இருந்தன. புகையும், கடல்நீர்த் தெறிப்பும், எதிரியின் குண்டுகள் எழுப்பும் நீர்த்தூண்களும் அவற்றுள் இருந்த பீரங்கியாளர்களின் கண்ணை மறைத்தன. ஒரு கோபுரம் முதல் கப்பலைச் சுடும், அடுத்தது தவறி இரண்டாவதைச் சுடும். விழுந்த குண்டுகளில் எது யாருடையது என்று தெரியாமல் திருத்தமும் செய்ய முடியாது.

ஸ்காட்டின் தீர்வு ‘டைரக்டர்’ என்று அழைக்கப்பட்டது. புகைக்கு மேலே, பாய்மரத்தூணின் உயரத்தில், ஒரே ஒரு குறிபார்க்கும் கருவி. அதில் ஒரே ஒரு தேர்ந்த பீரங்கியாளர். அவர் தன் கருவியைத் திருப்பினால், அந்தக் கோணம் மின்கம்பிகளின் வழியே எல்லாக் கோபுரங்களிலும் ஒரு முள்ளாக அசையும். கீழே இருப்பவர்கள் இலக்கைப் பார்க்கத் தேவையில்லை, தங்கள் முள்ளை அந்த முள்ளோடு பொருத்திக்கொண்டே இருந்தால் போதும். மேலே விசையை அழுத்தியதும் எல்லாப் பீரங்கிகளும் ஒருசேர வெடிக்கும். குண்டுகள் ஒரே கொத்தாக விழுவதால், குறைந்ததா கூடிற்றா என்று பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். தளத்தில் நிற்கும் பீரங்கியாளனின் கையிலிருந்து குறிபார்க்கும் உரிமையையே இது பறித்துவிடுகிறது என்று பலர் எதிர்த்தார்கள். பத்தாண்டுகளாக ஸ்காட்டே வளர்த்தெடுத்த தனித்திறனை ஸ்காட்டே தேவையற்றதாக்குகிறார் என்ற அந்த வாதம், உண்மையில் அவருக்குப் பெருமை சேர்க்கும் வாதம்.

கடைசியில் ஜெல்லிக்கோவின் ஆதரவால் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 1912 நவம்பரில், அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், ஒரே வகையைச் சேர்ந்த இரு புதிய போர்க்கப்பல்கள், டைரக்டர் பொருத்திய ‘தண்டரர்’, பொருத்தாத ‘ஓரியன்’, ஏறத்தாழ 9,000 கெஜத் தொலைவில் சில நிமிடங்கள் சுட்டன. கடல் ஆட்டம் கண்டிருந்த அந்த நாளில் ‘தண்டரர்’ பெற்ற வெற்றி ‘ஓரியன்’ பெற்றதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதன் பிறகும் கருவியைப் பொருத்தும் பணி மெதுவாகவே நடந்தது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது எட்டுப் போர்க்கப்பல்களில்தான் அது இருந்தது என்று ஸ்காட் ஆத்திரத்தோடு குறிப்பிடுவார். 1916 மே 31 அன்று பிரிட்டிஷ், ஜெர்மானியப் பெரும்படைகள் மோதிய ஜட்லாந்துக் கடற்போர் நடந்தபோது, இரண்டைத் தவிரப் பிரிட்டனின் எல்லாப் பெரும்போர்க்கப்பல்களிலும் டைரக்டர் இருந்தது.

அந்த ஜட்லாந்தில் பிரிட்டிஷ் படையின் பெரிய பீரங்கிகள் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. எண்பது எங்கே, மூன்று எங்கே என்ற கேள்வி எழுவது நியாயம். ஸ்காட்டின் பணியை மதிப்பிடும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லக் கூடாது. பரிசுப் போட்டிகள் இரண்டாயிரம் கெஜத்துக்கு உட்பட்ட, முன்கூட்டியே தெரிந்த தூரத்தில், திருப்பிச் சுடாத இலக்கின் மீது நடந்தவை. அங்கே சிக்கல் ஒன்றுதான்: ஆடும் கப்பலில் குறியை நிறுத்துவது. ஜட்லாந்தில் தூரம் பதினாயிரம் கெஜத்துக்கும் மேல். குண்டு வானில் பறக்கும் இருபது நொடிக்குள் எதிரியின் கப்பல் தன் நீளத்தைவிட அதிகமாக நகர்ந்துவிடும். குண்டு விழும் நேரத்தில் எதிரி எங்கே இருப்பான் என்பதைக் கணக்கிடுவது குறிபார்த்தலுக்கு அப்பாற்பட்ட வேறொரு கலை. தூரம் எந்த வேகத்தில் மாறுகிறது என்பதைக் காட்டும் டூமரெஸ்க் கருவி, மாறும் தூரத்தை நொடிக்கு நொடி சொல்லும் விக்கர்ஸ் கடிகாரம், அவற்றையெல்லாம் ஒன்றிணைத்த ட்ரேயர் மேசை ஆகியவை அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. ஸ்காட் தன் கைக்கு எட்டிய பகுதியை முழுமையாகத் தீர்த்தார். ஆனால் எண்ணுவதற்கு எளிதான ஒன்றையே கடற்படை பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்ததால், நெடுந்தூரக் கணக்கு அதற்குரிய கவனத்தைத் தாமதமாகப் பெற்றது என்பதையும் மறுக்க முடியாது.

ஜட்லாந்து அவரைத் தனிப்பட்ட முறையிலும் தாக்கியது. ‘டிஃபென்ஸ்’ என்னும் கவசக் குரூசர் வெடித்து ஒருவரும் தப்பாமல் அழிந்தபோது, அதில் பயிற்சி பெறும் இளம் அதிகாரியாக இருந்த அவருடைய மகனும் இறந்தார்.

1913இல் முழு அட்மிரலாகவும் பாரோனட் பட்டத்தோடும் ஓய்வு பெற்ற ஸ்காட், 1914 ஜூன் தொடக்கத்தில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளியான கடிதத்தில், மோட்டார் வண்டி குதிரையைச் சாலையிலிருந்து விரட்டியதுபோல் நீர்மூழ்கி போர்க்கப்பலைக் கடலிலிருந்து விரட்டிவிட்டது என்று எழுதினார். இனிப் பெரும்போர்க்கப்பல்கள் கட்டுவதை நிறுத்தி, நீர்மூழ்கிகளையும் விமானங்களையும் பெருக்க வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற அட்மிரல்கள் வரிசையாக எழுந்து அவரைக் கேலி செய்தார்கள். வாழ்நாள் முழுவதும் போர்க்கப்பலின் பீரங்கியைச் செம்மைப்படுத்தியவரே அதைத் தூக்கி எறியச் சொன்னது அவர்களுக்கு நன்றிகெட்டதனமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் எத்தனை ரூபாய்க்கு எத்தனை பலன் என்று நம் ஊர் வணிகர் கேட்பது போன்ற கேள்வியைத்தான் அவர் எப்போதும் கேட்டுவந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 22 காலை, யூ-9 என்னும் ஒற்றை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் ‘அபூக்கிர்’, ‘ஹோக்’, ‘கிரெஸி’ என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,400க்கும் மேல். அன்று இரவுதான் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டுவீசி, தமிழில் தன் பெயரை ஒரு சொல்லாகவே நிலைநிறுத்திவிட்டுப் போனது. நாம் அந்தத் தேதியை இரண்டாவது நிகழ்ச்சிக்காக நினைவில் வைத்திருக்கிறோம். கடற்போரின் வரலாற்றில் கனமானது முதலாவதுதான். ஆனாலும் ஸ்காட் சொன்னது முழுவதும் சரி என்று ஆகிவிடவில்லை. ஜெர்மனியைப் பட்டினியில் நெருக்கிய கடல் முற்றுகை, பெரும்போர்க்கப்பல்கள் பின்னால் நின்றதால்தான் சாத்தியமாயிற்று. அவை கடலைவிட்டு ஓடவில்லை. நீர்மூழ்கிக்கு அஞ்சிச் சிறு நாசகாரிக் கப்பல்களின் காவல் இல்லாமல் வெளியே வரமுடியாதவை ஆயின.

போரின்போது, மீண்டும் பதவியேற்ற ஃபிஷர் அவரை அழைத்துக்கொண்டார். டைரக்டர் பொருத்தும் வேலை விரைந்தது. பெல்ஃபாஸ்ட் கப்பல் தளத்தில் பதினான்கு வணிகக் கப்பல்களுக்கு மரத்தாலும் துணியாலும் பொய்க் கோபுரங்களும் பீரங்கிகளும் அமைத்துப் போர்க்கப்பல் வேடம் கட்டிய விந்தையான வேலையும் அவர் பொறுப்பில் நடந்தது. அவற்றில் ஒன்றை, உண்மை என்று எண்ணியோ எண்ணாமலோ, 1915 மே இறுதியில் ஏஜியன் கடலில் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியரின் செப்பலின் வானூர்திகள் லண்டன் நகரின் மேல் குண்டு போட்டபோது, தலைநகரின் பீரங்கிப் பாதுகாப்பை ஸ்காட்டிடம் ஒப்படைத்தார்கள். கையில் இருந்தவை மிகச் சில, வானத்தைச் சுடுவதற்குப் பொருந்தாதவை. அவர் வழக்கமான வழியில் விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்காமல், பாரிஸுக்கு ஓர் அதிகாரியை மோட்டார் வண்டியில் அனுப்பி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 75 மில்லிமீட்டர் வான்காப்புப் பீரங்கி ஒன்றை வண்டியோடு வரவழைத்தார். 1916 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பு தரைப்படைக்கு மாறியது.

போருக்குப் பிறகும் போர்க்கப்பலுக்கு எதிரான வழக்கை அவர் விடவில்லை. ஒரு போர்க்கப்பலால் என்ன பயன் என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்பக் கேட்டார். 1924 அக்டோபரில் அவர் இறந்தபோது, பிரிட்டனின் கப்பல் தளங்களில் ‘நெல்சன்’, ‘ராட்னி’ என்ற இரு புதிய போர்க்கப்பல்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகள். அவற்றைச் சுட டைரக்டர்.